600 பேர் கொடுத்தால் எப்படிப் பிரிப்பீர்கள்? ரசாயனம், உயிரி, அணுக்கதிர், வெடிகுண்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து

வரைபடப்பித்தன் கேட்கிறார்:

பாதுகாப்பியல் முதுகலைக்காக ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். கற்பனை நாடு, கற்பனைப் படை, அதில் நான்கு பிரிகேட் (பெரிய படைப்பிரிவு). ரசாயனம், உயிரி, அணுக்கதிர், வெடிகுண்டு ஆகிய எல்லாவற்றையும் சமாளிக்க மொத்தமே 600 பேர்தான் தருவார்களாம். அவர்களை எப்படி அமைப்பது என்பதுதான் கேள்வி.

நான் போட்ட கணக்கு சுலபமானது. பிரிகேடுக்கு ஒரு கம்பெனி (சிறு பிரிவு), கம்பெனிக்கு 120 பேர். அதில் 90 பேர் ரசாயனப் பாதுகாப்பு, 30 பேர் வெடிகுண்டு செயலிழப்பு. மீதி 120 பேர் தலைமையகத்தில்: ஆய்வகம், பயிற்சிப் பள்ளி, நிர்வாகம். கட்டம் போட்டு, கோடு இழுத்து, வண்ணமும் தீட்டி அனுப்பினேன். பேராசிரியர் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி எழுதித் திருப்பிவிட்டார்: "இந்த 600 பேரில் ஒரே நேரத்தில் உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள்?"

எந்த உள்ளே? 600 பேரும் படைக்குள்தானே இருக்கிறார்கள்? கேட்டால் "யோசி" என்கிறார். இந்தத் துறையில் வேலை பார்த்தவர்கள் யாராவது விளக்குங்களேன். அப்புறம் இன்னொன்று. வெடிகுண்டுக்காரர்களை ஏன் விஷவாயுக்காரர்களோடு சேர்க்க வேண்டும்? இரண்டும் வேறு வேறு தொழில் மாதிரித்தான் எனக்குத் தெரிகிறது.

---

முன்வரிசை எழுதுகிறார்:

உங்கள் வரைபடமே சரி, மாற்றாதீர்கள். வாயு வந்தால் நிமிடங்களில் முடிந்துவிடும். தலைமையகத்திலிருந்து நிபுணர் கிளம்பி வருவதற்குள் என் ஆட்கள் கதை முடிந்திருக்கும். நிபுணர் என் பிரிகேடுக்குள்ளேயே இருக்க வேண்டும், என் பேச்சைக் கேட்க வேண்டும். பொதுவில் வைத்தால் தேவைப்படும் நேரத்தில் வேறு யாரிடமாவது இருப்பார்.

---

தண்ணீர்லாரி எழுதுகிறார்:

தம்பி, உங்கள் பேராசிரியர் இந்த வேலையைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவராக இருக்க வேண்டும். அவர் கேட்ட "உள்ளே" என்பது ஆபத்து வளையத்துக்கு உள்ளே. உடலை முழுவதும் மூடும் உடை, முகமூடி, முதுகில் காற்று சிலிண்டர், இதோடு நிற்கும் ஆட்கள் எத்தனை பேர் என்று கேட்கிறார். நான் 16 வருடம் நச்சுநீக்கப் பிளாட்டூனில், அதாவது கம்பெனிக்குள் இருக்கும் சிறு அணியில், இருந்தவன். டீகான் என்போம். பெயர் பெரிதாக இருக்கும், வேலை என்னவோ ஆளையும் வண்டியையும் கழுவுவதுதான். அதனால் கழுவுகிறவன் கண்ணில் இருந்து கணக்குப் போடுகிறேன்.

இருவராகத்தான் உள்ளே அனுப்புவோம். ஒருவர் விழுந்தால் இழுத்து வர இன்னொருவர் வேண்டும். அந்த இருவரும் விழுந்தால் என்ன செய்வது? அதற்காக இன்னும் இருவர் உடை போட்டு, ஜிப்பை மட்டும் இழுக்காமல், வெளியே தயாராக உட்கார்ந்திருப்பார்கள். சிலிண்டரில் ஒரு மணி நேரம் என்று எழுதியிருக்கும். நடந்து போகிற நேரம், திரும்புகிற நேரம், கழுவும் வரிசையில் நிற்கிற நேரம் எல்லாம் போனால் உருப்படியான வேலைக்கு 20 நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். வெளியே வந்தவர்கள் வியர்வையில் நனைந்து, நாக்கு வறண்டு, தண்ணீர் குடித்துக்கொண்டு கிடப்பார்கள். அவர்களை உடனே திருப்பி அனுப்பினால் விஷத்துக்கு முன்னால் வெப்பமே சாய்த்துவிடும்.

ஆக உள்ளே 2, தயாராக 2, ஓய்வில் 2. கழுவும் வரிசைக்கு 4. கருவியைப் பார்த்து, அளவையும் நேரத்தையும் குறித்துவைக்க 2. மருத்துவ உதவியாளர் 1. இவர்களை நடத்த 1. மொத்தம் 14. இது என் சொந்தக் கணக்கு, படைக்குப் படை ஒன்றிரண்டு கூடும் குறையும். ஒரு நாள் முழுக்க ஓட்ட வேண்டுமானால் மூன்று ஷிப்ட், 42 பேர். 42 பேர் இருந்தால் இரண்டே இரண்டு பேரை உள்ளே வைத்துக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் கம்பெனிக்கு வருவோம். ரசாயனக்காரர்கள் 90 என்கிறீர்கள். விடுப்பு, காய்ச்சல், பயிற்சிக்குப் போனவன், காவல் பணிக்கு இழுத்துக்கொண்டு போகப்பட்டவன் என்று கால்வாசி போகும். வாயு வராத நாளில் பிரிகேட் தளபதி கண்ணுக்கு நாங்கள் சும்மா இருக்கிறவர்கள், கேட்டில் நிற்க வைப்பார். அனுபவத்தில் சொல்கிறேன். மிஞ்சுவது 67. அதில் 42 ஒரு முறைதான் போகும். ஒரு ஜோடி. மீதி 25 பேர் அடுத்த ஜோடிக்குப் போதாமல் உட்கார்ந்திருப்பார்கள். நான்கு பிரிகேடிலும் இதே கதை, அப்படிப் பார்த்தால் 100 பேர் மிச்சக் கணக்கில் வீண். ஒரு இடத்தில் பெரிதாக ஏதாவது நடந்தால் அங்கே உங்களால் நிறுத்த முடிந்தது 2 பேர். பேராசிரியர் சிவப்பு மையைத் தொட்டதில் தப்பே இல்லை.

முன்வரிசை சொல்வதிலும் பாதி நியாயம் உண்டு. முதல் சில நிமிடம் எந்த நிபுணராலும் பிரயோசனம் இல்லை. அந்த நேரத்தில் காப்பாற்றுவது அவரவர் முகமூடியும், தொடையில் குத்திக்கொள்ளும் அட்ரோபின் என்ற நஞ்சுமுறிவு ஊசியும்தான். அது ஒவ்வொரு சிப்பாய்க்கும் பழக வேண்டிய பாடம். அதற்காக நிபுணரைத் துண்டு துண்டாக வெட்டிப் பங்கு வைக்கத் தேவையில்லை.

வெடிகுண்டுக்காரர்கள் விஷயம். ஒரு பயிற்சி சொல்கிறேன். கைவிடப்பட்ட கிட்டங்கியில் ஒரு பீப்பாய், அதில் ஒயர் சுற்றிய பொட்டலம், பீப்பாய்க்குள் நரம்பு நஞ்சு என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வெடிகுண்டுக்காரர் ஒரு கட்டளையகம், நாங்கள் வேறு. ரேடியோ அலைவரிசையும் வேறு. அவர் 35 கிலோ கவச உடையோடு போனார், அருமையாக வேலையை முடித்தார், திரும்பினார். எப்படித் திரும்பினார்? வழக்கம்போல நேராகத் தன் வண்டிக்கு. எங்கள் கழுவும் வரிசை காற்றடிக்கும் பக்கம் பார்த்து இடதுபுறம் இருந்தது. அது அவருக்குச் சொல்லப்படவே இல்லை. நாங்கள் கத்துகிறோம், ஹெல்மெட்டுக்குள் அவருக்குக் கேட்கவில்லை. கடைசியில் பிடித்துக்கொண்டு வந்தால், அந்த உடையைக் கழற்றுவது எப்படி என்று எங்களில் ஒருவனுக்கும் தெரியாது! கொக்கி எங்கே, முதுகுத்தட்டு எப்படி வரும் என்று வாதாடிக்கொண்டே 25 நிமிடம். நடுவர் வந்து எங்கள் வரிசையில் ஆறு பேரைத் தொட்டு "செத்துவிட்டீர்கள், அப்படிப் போய் உட்காருங்கள்" என்றார். செத்தவர்களில் நானும் ஒருவன். நிழலில் உட்கார்ந்து மீதிப் பயிற்சியை நன்றாகப் பார்த்தேன்.

நிஜத்திலும் நடந்திருக்கிறது. 2004 மே மாதம் பாக்தாதில் சாலையோரக் குண்டு ஒன்றை அமெரிக்க வீரர்கள் கண்டுபிடித்தார்கள். செயலிழக்கச் செய்வதற்கு முன்பே வெடித்தது. அது சாரின் என்ற நரம்பு நஞ்சு நிரப்பிய பழைய பீரங்கிக் குண்டு. இருவருக்கு லேசான நச்சு பாதிப்பு. அதை வைத்தவர்களுக்கே அதில் சாரின் இருந்தது தெரிந்திருக்காது என்று பலரும் சொன்னார்கள். வெளியே இருந்து பார்த்தால் வெடிகுண்டு, உள்ளே விஷம். எந்தத் துறைக்கு போன் செய்வீர்கள்?

அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கா மேரிலாந்தின் அபர்டீனில் 20ஆவது சப்போர்ட் கமாண்ட் என்று ஒன்றைத் தொடங்கியது. இப்போது அதன் பெயரிலேயே ரசாயனம், உயிரி, கதிர்வீச்சு, அணு, வெடிபொருள் ஐந்தும் இருக்கின்றன. அதன் கீழ் 48ஆவது கெமிக்கல் பிரிகேட், வெடிகுண்டுக்கு 52ஆவது, 71ஆவது ஆர்டனன்ஸ் குரூப் என்று இரண்டு. கவனியுங்கள், இரண்டு தொழிலையும் ஒன்றாகக் கரைக்கவில்லை. தனித்தனிப் பிரிவாகவே வைத்து ஒரே தளபதியிடம் கொடுத்தார்கள். ஆட்கள் பல மாநிலங்களில் பல தளங்களில்தான் இருக்கிறார்கள், கட்டளை மட்டும் ஒன்று.

---

கம்பிவெட்டி எழுதுகிறார்:

லாரி அண்ணே, அந்தக் கவச உடைக்காரர் நானில்லை என்று முதலில் பதிவு செய்துவிடுகிறேன். ஆனால் அவர் பக்கம் பேசுகிறேன்.

ரசாயனப் பிரிவு வருடக்கணக்கில் பயிற்சி மட்டும் செய்யும். எங்களுக்கு வேலை தினமும் உண்டு. வயலில் கிடக்கும் பழைய குண்டு, பேருந்து நிலையத்தில் அநாதையாகக் கிடக்கும் பை, சுடுதளத்தில் வெடிக்காத ஷெல். நூற்றில் ஒன்றில்கூட விஷம் இருக்காது. எங்களை முழுசாக உங்கள் தலைமையின் கீழ் கொண்டுவந்தால் முகமூடிப் பயிற்சி, படிவம், ஆய்வு என்று ஓட்டுவீர்கள். ஒயரைத் தொடும் கை பழக்கம் விட்டுப்போகும். இந்தக் கைக்குப் பழக்கம்தான் எல்லாம்.

தவிர, விஷக் குண்டு ஒன்றும் உங்கள் ஏகபோகம் இல்லை. பெல்ஜியத்தில் ஈப்பர் ஊரைச் சுற்றியுள்ள வயல்களில் முதல் உலகப் போர்க் குண்டுகள் இன்னமும் ஏர்முனையில் தட்டுப்படுகின்றன. ஆண்டுதோறும் நூறு டன்னுக்கு மேல். 1915 ஏப்ரல் 22 அன்று ஜெர்மானியர் குளோரினைத் திறந்துவிட்ட அதே வட்டாரம். பிறகு வந்த வருடங்களில் அங்கே சுட்ட வாயுக் குண்டுகளும் அந்த இரும்புக் குப்பையில் கலந்துதான் கிடக்கின்றன. அவற்றைப் பொறுக்கி, எக்ஸ்ரே எடுத்து, உள்ளே திரவம் ஆடுகிறதா என்று பார்த்துப் பிரித்து அழிப்பது பெல்ஜியப் படையின் வெடிகுண்டுப் பிரிவு. பூல்கப்பெல்லே என்ற இடத்தில் அதற்கென்றே நிலையம் வைத்திருக்கிறார்கள். ரசாயனப் படை வந்து கைபிடித்து நடத்தவில்லை.

என் யோசனை: எங்களை எங்கள் வேலையில் விடுங்கள். மாதத்தில் சில நாள் உங்களோடு பழகுகிறோம். அந்த உடையை எப்படிக் கழற்றுவது என்று நானே வந்து சொல்லித் தருகிறேன்.

---

வரைபடப்பித்தன் எழுதுகிறார்:

இருவருக்கும் நன்றி. "உள்ளே" என்பது இப்போதுதான் விளங்கியது. 600 பேரில் 8 பேர்தான் நிற்க முடிந்திருக்கும், அதுவும் இடத்துக்கு இருவராக என்று நினைத்தால் அந்த வண்ண வரைபடத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

இரண்டு சந்தேகம். ஒன்று, லாரி அண்ணா கணக்கு முழுக்க ரசாயனத்துக்குத்தான். உயிரிக்கும் கதிர்வீச்சுக்கும் அதே 14 பேர் போதுமா? இரண்டு, இருபது முப்பது வருடம் எதுவுமே நடக்காவிட்டால் இந்த 600 பேரை வைத்திருக்க வேண்டும் என்று நிதியமைச்சரிடம் எப்படிச் சொல்வது? கட்டுரையில் அதற்கும் ஒரு பகுதி கேட்டிருக்கிறார்கள்.

---

சிறுநாடு எழுதுகிறார்:

இரண்டாவதற்கு ஒரு பதில். சின்னப் படையானால் இதையே தன் தனித்திறமையாக ஆக்கிக்கொள்ளலாம். 1991 வளைகுடாப் போருக்குச் செக்கோஸ்லோவாகியா அனுப்பியது சுமார் 200 பேர் கொண்ட ரசாயனப் பாதுகாப்புப் பிரிவு. ஜனவரியில் சவூதியில் சாரின் தடயத்தைத் தங்கள் கருவிகளில் கண்டதாக அறிவித்தது அவர்கள்தான். பெரிய படைகள் அப்போது நம்பத் தயங்கின, பின்னால் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அந்த அளவீட்டை நம்பத்தகுந்தது என்று ஏற்றுக்கொண்டது. பிற்பாடு நேட்டோ பன்னாட்டு ரசாயனப் பாதுகாப்பு பட்டாலியன் அமைத்தபோது செக் படை முன்னின்றது. நேட்டோவின் இத்துறை நிபுணத்துவ மையமும் 2007 முதல் செக் நாட்டின் விஷ்கோவ் நகரில்தான் இயங்குகிறது. டாங்கி எண்ணிக்கையில் போட்டி போட முடியாத நாட்டுக்குக் கூட்டணி மேசையில் நாற்காலி வாங்கிக் கொடுத்தது இந்தப் பிரிவு. நிதியமைச்சருக்கு இது புரியும்.

---

தண்ணீர்லாரி எழுதுகிறார்:

கம்பிவெட்டி சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். முழுசாக. தினசரி வேலையில் அவர்களை யாரும் தொடக் கூடாது. எனக்கு வேண்டியது இரண்டுதான்: ஒரே ரேடியோ அலைவரிசை, ஒரே கழுவும் வரிசை. பூல்கப்பெல்லே உதாரணத்தில் மட்டும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே குண்டு நூறு வருடமாகக் காத்திருக்கிறது, இன்னும் ஒரு வாரம் காத்திருக்கும். கிட்டங்கிப் பீப்பாய் காத்திருக்காது.

தம்பியின் முதல் சந்தேகம். கதிர்வீச்சில் ஆள் செலவாகிவிடுவார். ரசாயனத்தில் ஓய்வெடுத்தவன் நாளைக்குத் திரும்பி வரலாம். கதிர்வீச்சில் வரம்பு அளவை வாங்கியவன் திரும்பக் கூடாது. 1986இல் வெடித்த செர்னோபில் அணு உலையின் கூரையில் கதிர்வீச்சு மிகுந்த கிராஃபைட் துண்டுகளை மண்வெட்டியால் அள்ளிப் போட்ட வீரர்களுக்குக் கிடைத்தது சில நொடி முதல் இரண்டு மூன்று நிமிடம். ஓடிப் போய் ஒரு வாரு வாரிப் போட்டுவிட்டு ஓடி வர வேண்டும், அவ்வளவுதான். ஆயிரக்கணக்கானவர்களை அப்படி ஏற்றி இறக்கினார்கள். உங்கள் 600 பேர் அதற்குச் சில நாள்கூடத் தாங்க மாட்டார்கள். அங்கே நிபுணரின் வேலை மண்வெட்டி பிடிப்பதில்லை. அளந்து சொல்வதும், யார் எவ்வளவு வாங்கினான் என்ற கணக்கை வைப்பதும்தான். மண்வெட்டிக்கு முன்வரிசையின் காலாட்படை வரும்.

கூட்டத்தையும் கணக்கில் வையுங்கள். 1987இல் பிரேசிலின் கோயானியாவில் கைவிடப்பட்ட சிகிச்சை இயந்திரத்திலிருந்து சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் வெளியே வந்தது. மாசு பட்டவர்கள் 249 பேர். ஆனால் "எனக்கும் பட்டிருக்குமோ" என்ற பயத்தில் பரிசோதனைக்கு வந்தவர்கள் 1,12,000 பேருக்கும் மேல். விளையாட்டரங்கத்தில் வரிசை கட்டி நின்றார்கள். 249 பேருக்கு ஆள் வைத்திருந்தவன் அங்கே என்ன செய்வான்?

டோக்கியோவிலும் அப்படித்தான். 1995 மார்ச் 20, சுரங்க ரயிலில் சாரின். தரைப்படையின் ரசாயனப் பிரிவு வந்து ரயில் பெட்டிகளைக் கழுவியது, அந்த வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாதிக்கப்பட்டவர்கள் கழுவும் வரிசைக்காகக் காத்திருக்கவில்லை. நடந்தும் டாக்சி பிடித்தும் மருத்துவமனைக்குப் போய்விட்டார்கள். ஒரே மருத்துவமனைக்கு அன்று 640 பேர். அவர்களின் உடையிலிருந்து கிளம்பிய ஆவியால் மருத்துவமனை ஊழியர்களுக்கும் அறிகுறி வந்தது. அதனால் கழுவும் பிளாட்டூன் ஒன்றை மருத்துவமனை வாசலுக்கென்று ஒதுக்குங்கள். வரைபடங்களில் இதை அநேகமாக மறந்துவிடுவார்கள்.

உயிரி வேறு உலகம். அலாரம் அடிக்காது, புகை வராது. 2001இல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் நோய்க்கிருமித் தூள் வைத்த கடிதங்கள் வந்தபோது முதலில் கண்டுபிடித்தது ராணுவக் கருவி எதுவும் இல்லை. புளோரிடாவில் ஒரு நோயாளிக்கு என்ன என்று பார்த்த மருத்துவர்தான். மொத்தம் 22 பேருக்கு நோய், 5 பேர் இறந்தார்கள். ஆகவே உயிரிக்கு என் மாதிரி ஆட்களைக் குறைத்து மருத்துவர், ஆய்வகம், மாதிரியைச் சீல் வைத்துக் கைமாறாமல் கொண்டுபோகிறவன், இவர்களுக்கு இடம் கொடுங்கள்.

நிதியமைச்சர் விஷயம். கலைத்துப் பார்த்தவர்களின் கதையைச் சொல்லுங்கள். 1973 ஜனவரியில் அமெரிக்கத் தரைப்படை தன் கெமிக்கல் கோர் என்ற ரசாயனப் பிரிவையே மூடுவதாக அறிவித்தது. பயிற்சிப் பள்ளியும் மூடப்பட்டது. நாடாளுமன்றம் ஒப்புதல் தராததால் பெயரளவில் பிழைத்தது. அதே வருடம் அரபு நாடுகளோடு நடந்த அக்டோபர் போரில் இஸ்ரேல் கைப்பற்றிய சோவியத் தயாரிப்பு வண்டிகளைத் திறந்து பார்த்தால் உள்ளே விஷவாயுவைத் தடுக்கும் காற்று வடிகட்டி. எதிராளி தயாராக இருக்கிறான், நாம் கடையைச் சாத்திக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. எழுபதுகளின் பின்பாதியில் திருப்பிக் கட்ட ஆரம்பித்தார்கள். கட்டடம் கிடைத்துவிடும், உபகரணம் வாங்கிவிடலாம். கழுவும் வரிசையில் பத்து வருடம் நின்ற சார்ஜண்டை எங்கே வாங்குவது?

பிரிட்டனும் தன் கூட்டு ரசாயன ரெஜிமெண்டை 2011இல் கலைத்தது, சிக்கனம் என்று. 2018 மார்ச்சில் அங்கே சாலிஸ்பரி ஊரில் நோவிச்சோக் என்ற நரம்பு நஞ்சு. ஒரு வீட்டுக் கதவின் கைப்பிடியில் தடவிய கொஞ்சம் திரவம். அதைத் துடைத்து, தோண்டி, எடுத்து, ஊர் சுத்தம் என்று அறிவிக்க 2019 மார்ச் ஆகிவிட்டது. ராணுவத்தின் பல மூலைகளிலிருந்து ஆட்களைத் திரட்டித்தான் அதைச் செய்தார்கள். செய்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு கைப்பிடிக்கு ஒரு வருடம் என்ற விகிதத்தை அமைச்சர் முன் வையுங்கள், மீதியை அவரே கணக்குப் போடட்டும்.

---

வரைபடப்பித்தன் எழுதுகிறார்:

இரவெல்லாம் உட்கார்ந்து மாற்றிவிட்டேன். பார்த்துச் சொல்லுங்கள்.

பிரிகேடுக்கு 12 பேர் மட்டும்: ஆலோசகரும் முதல் அளவீடு எடுக்கும் குழுவும். நான்குக்கும் 48. நடுவில் ஒரே கட்டளையின் கீழ் மூன்று கலப்புக் கம்பெனிகள். ஒவ்வொன்றிலும் ரசாயனம் 96, வெடிகுண்டு 40. மொத்தம் 408. வெடிகுண்டுக்காரர்கள் தினசரி அழைப்புகளுக்கு வழக்கம்போலப் போவார்கள், கம்பிவெட்டி அண்ணன் கேட்டபடி. ஆய்வகமும் மருத்துவமும் 54. தலைமையகமும் பள்ளியும் 40. போக்குவரத்தும் தண்ணீரும் 50. கூட்டினால் 600.

ரசாயனம் 288இல் கால்வாசி கழித்தால் 216. அதை 42ஆல் வகுத்தால் 5 ஜோடி. ஒரே இடத்தில் 10 பேர் உள்ளே, மிச்சம் 6 பேர்தான். மருத்துவமனை வாசலுக்கு ஒரு பிளாட்டூன் போனால் 4 ஜோடியாகக் குறையும், அதையும் குறிப்பிட்டிருக்கிறேன். தண்ணீர் லாரி 6 போட்டிருக்கிறேன்.

---

கம்பிவெட்டி எழுதுகிறார்:

கையெழுத்துப் போடலாம். கவச உடையைக் கழற்றும் பயிற்சியைப் பள்ளியின் பாடத்திட்டத்தில் சேர்த்துவிடு தம்பி.

---

தண்ணீர்லாரி எழுதுகிறார்:

மிச்சம் 6 என்று பார்த்ததும் மனசு நிறைந்தது. ஒரே ஒரு இடம் உதைக்கிறது. ஒரு வண்டியைச் சுடுநீர், சோப்பு போட்டு மேலோட்டமாகக் கழுவினாலே 400, 500 லிட்டர் போய்விடும். 6 லாரியும் ஓயாமல் நிரப்பிக்கொண்டு ஓட வேண்டும். லாரிக்கு எத்தனை ஓட்டுநர் போட்டிருக்கிறாய்? அந்த 50இல் மூன்று ஷிப்டுக்கு 18 பேர் இருக்கிறார்களா, கழுவிய அழுக்குத் தண்ணீரைத் திருப்பி எடுத்துப்போக வேறு வண்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்பு. அந்தத் தண்ணீரை அப்படியே வாய்க்காலில் விட முடியாது.